திதி, நிலா, மலை நிழல்: நெல்லைச் சீமையில் காகிள் போட்டுப் பறக்க இரவு வெளிச்சத்தைக் கணிப்பது

நைட் விஷன் காகிளுக்கும் வெளிச்சம் வேண்டும். இருக்கிற துளியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. வானம் ஒன்றும் தராத இரவில் அது பெருக்குவது தன் சொந்த இரைச்சலைத்தான். கண்ணுக்கு முன்னால் பொறிப்பொறியாகப் பறக்கும். ஆகவே ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன்பே, எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளத்தாக்கில், எவ்வளவு வெளிச்சம் தரையில் விழும், அதில் எவ்வளவு திரும்பி மேலே வரும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். பொதிகை மலையடியில் இருந்து தூத்துக்குடிக் கரை வரை, தெற்கே ராதாபுரம் வரை அந்தக் கணக்கைப் போடும் விதம் இது. காகிள் பயிற்சியும் இரவுப் பறத்தலுக்கான அனுமதியும் கையில் உள்ளவர்களுக்காக எழுதியது.

முதலில் கோடு எங்கே என்று தெரிய வேண்டும். லக்ஸ் என்பது தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு. அமெரிக்கக் கடற்படை விமானிகள் வைத்திருப்பது 0.0022 லக்ஸ், அதாவது 2.2 மில்லிலக்ஸ். அதற்கு மேலே போனால் நல்ல வெளிச்ச இரவு, கீழே இருந்தால் குறை வெளிச்ச இரவு. பழைய ராணுவக் கணக்கு ஒன்றும் உண்டு: நிலாவில் 23 சதவீதமாவது ஒளிர வேண்டும், தொடுவானத்தில் இருந்து 30 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: உச்சியில் நிற்கும் பௌர்ணமி நிலா சுமார் 250 மில்லிலக்ஸ் தரும். அரை நிலா அதில் பாதி தராது, பத்தில் ஒரு பங்குதான், 23 அளவு. கால் நிலா உச்சியில் 6 அல்லது 7, முப்பது டிகிரியில் இரண்டரை. நிலாவே இல்லாத தெளிந்த வானம் அரையில் இருந்து ஒன்று வரை. அதையும் மேகம் மூடினால் 0.1க்குப் போய்விடும்.

பஞ்சாங்கத்தை எடுங்கள்

நிலாவின் சதவீதத்துக்குச் செயலி தேடி அலைய வேண்டாம். சுவரில் தொங்கும் நாள்காட்டியே சொல்லும். சூரியனை விட்டு நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி. வளர்பிறையில் அந்தந்தத் திதி முடியும் நேரத்தில் ஒளிரும் பங்கு இப்படி வரும்: திருதியை 9.5 சதவீதம், சதுர்த்தி 16.5, பஞ்சமி 25, சஷ்டி 34.5, சப்தமி 45, அஷ்டமி 55, தசமி 75, துவாதசி 90. தேய்பிறையில் இதையே தலைகீழாக எண்ணிக்கொள்ளலாம். தேய்பிறைப் பஞ்சமி முடிவில் 75, தசமி முடிவில் 25. ஆக 23 சதவீதக் கோடு வளர்பிறைப் பஞ்சமி முடிகிற இடத்தில் விழுகிறது. சதுர்த்தி மாலையை வெளிச்ச இரவு என்று எழுதாதீர்கள்.

ஒரு கவனம். நாள்காட்டியில் அன்றைக்குப் போட்டிருப்பது சூரிய உதயத்தின்போது இருந்த திதி. பக்கத்தில் உள்ள நாழிகையையும் பார்க்க வேண்டும். "பஞ்சமி 38" என்று இருந்தால், உதயத்தில் இருந்து 38 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம், மொத்தம் 15 மணி 12 நிமிஷம். உதயம் 6.10 என்றால் இரவு 9.22க்குப் பஞ்சமி முடிகிறது. மாலை ஏழரைக்கு நிலா 25ஐத் தொடவில்லை, 24 பக்கம் நிற்கிறது. "பஞ்சமி 5" என்று இருந்தால் காலையிலேயே சஷ்டி பிறந்துவிட்டது, மாலையில் 30 பக்கம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நாழிகை முன்பின் சொல்லும். சதவீதத்துக்கு அந்த வித்தியாசம் பெரிய பாதகம் செய்யாது. ஆனால் நிலா உதயம், மறைவு நேரத்தைத் திருக்கணிதத்தில் இருந்தோ, கொல்கத்தாவின் பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் வெளியிடும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கத்தில் இருந்தோதான் எடுக்க வேண்டும்.

சதவீதத்துக்கு முன்னால் கோணம்

வெளிச்சக் கணக்கில் மிக அதிகம் தவறுவது இங்கேதான். அரை நிலா என்று தாளில் இருக்கும், ஆள் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். அதே அரை நிலா பத்து டிகிரிக்கு இறங்கினால் காற்றில் பாதிக்கு மேல் தேய்ந்து, சாய்ந்து விழுந்து, 2 மில்லிலக்ஸ்கூடத் தராது. முப்பது டிகிரியில் அதுவே 9 தரும்.

கோணத்தை அளக்கக் கையே போதும். கையை நேரே நீட்டி முஷ்டி மடக்கினால் அகலம் சுமார் 10 டிகிரி. தொடுவானத்தில் இருந்து மூன்று முஷ்டி அடுக்கி, அதற்கு மேல் நிலா நின்றால் சரி.

நம் ஊர் 8.7 டிகிரி வட அட்சத்தில் இருப்பது நல்ல வசதி. நிலா ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும், மணிக்குப் பதினாலரை டிகிரி. உதித்து இரண்டு மணி நேரத்தில் முப்பது டிகிரியைத் தொட்டுவிடும். மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அதற்குக் கீழே வந்துவிடும். வருஷத்தில் எந்த நாளானாலும் உச்சிக்கு வரும்போது 52 டிகிரிக்குக் கீழே இருக்காது.

மறையும் நேரத்துக்கும் மனக்கணக்கு உண்டு. வளர்பிறையில் சூரியன் மறைந்த பிறகு, முடிந்த திதி ஒன்றுக்கு இரண்டு நாழிகை நிலா நிற்கும். பஞ்சமி முடிந்தால் பத்து நாழிகை, அதாவது நாலு மணி நேரம். அதில் கடைசி இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். சூரிய மறைவு 6.30 என்றால் பஞ்சமி நிலா உருப்படியாக உதவுவது எட்டரை வரைதான். புரட்டாசி, ஐப்பசியில் இன்னும் குறையும்: அப்போது மாலை நிலா தெற்கே சாய்ந்து நிற்பதால் அதே திதியில் உயரம் பத்து டிகிரிக்கு மேலேகூடக் குறையலாம். தேய்பிறையில் நிலா உதிப்பதும் இதே இரண்டு நாழிகைக் கணக்கில் தள்ளித் தள்ளிப் போகும். தேய்பிறைப் பஞ்சமிக்கு 75 சதவீத நிலா என்று மயங்க வேண்டாம். அது உதிக்கவே பத்தரை ஆகும், முப்பது டிகிரி ஏற நள்ளிரவு தாண்டிவிடும்.

மலை மேற்கே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, குற்றாலம், எங்கே போனாலும் மலை மேற்கே. வளர்பிறை நிலா மறைவதும் மேற்கே. அகத்தியர் மலை 1,868 மீட்டர். உங்கள் இறங்குதளத்தில் இருந்து 10 கிலோமீட்டரில் 1,500 மீட்டர் உயரத்துக்கு மலைமுகடு இருந்தால் அது எட்டரை டிகிரியை மறைக்கிறது; பஞ்சாங்கம் சொல்லும் மறைவுக்கு 35 நிமிஷம் முன்பே அங்கே நிலா போய்விடும். ஆனி, ஆடியில் முகட்டின் மேல் தென்மேற்குப் பருவ மேகம் படுத்துக் கிடக்கும். சமவெளியில் வானம் பளிச்சென்று இருக்க, மேற்கே மேகத்தின் தலைதான் தொடுவானம். பதினைந்து கிலோமீட்டரில் மூன்று கிலோமீட்டர் உயர மேகம் என்றால் 11 டிகிரி போயிற்று. மலையடியில் வேலை இருந்தால் மறைவு நேரத்தைத் தாளில் எழுதும்போதே முக்கால் மணி நேரம் குறைத்து எழுதுவது நல்லது.

இன்னொன்று, சரிவின் முகம். நம் பக்கம் பார்க்கும் கிழக்குச் சரிவுக்கு மாலையில் வளர்பிறை நிலா பின்னால் இருந்து அடிக்கிறது. முகடு வெள்ளி விளிம்பாகத் தெரியும், சரிவு முழுக்க ஒரே கருப்பு; ஓடை எது, பாறை முனை எது என்று பிரியாது. நிலா இருக்கிற இரவு என்று நம்பி அந்தக் கருப்புக்குள் நுழைவது ஆபத்து. தேய்பிறையில் பின்னிரவு நிலா கிழக்கில் இருந்து ஏறுவதால் அதே சரிவு முழுமுகமாக விளங்கும். மலைச்சரிவில் தேடுதல் வேலையை ஒத்திப்போட முடியும் என்றால் வளர்பிறை ஒன்பது மணியை விடத் தேய்பிறை இரண்டு மணி எவ்வளவோ மேல்.

போகும் திசையும் கணக்கில் வர வேண்டும். தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்தில் இருந்து பாபநாசத்துக்கு மாலையில் மேற்கே பறந்தால் தாழ்ந்த நிலா நேர் முகத்தில். காகிள் தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், தரை மங்கிவிடும். திரும்பும்போது நிலா முதுகுக்குப் பின்னால், அதே தரை தெளிவு. போகும்போது பார்த்த மங்கலை வைத்து இரவையே குறை சொல்லவும் வேண்டாம், திரும்பும்போது பார்த்த தெளிவை வைத்து அடுத்த முறை போவதற்குத் திட்டமிடவும் வேண்டாம். நிலா உச்சிக்கு வந்தால் வெளிச்சம் மிக அதிகம், நிழல் இருக்காது. நிழல் இல்லாததால் மேடு பள்ளம் தட்டையாகத் தெரியும். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையே நிற்கும் நிலாதான் வேலைக்கு வாகானது.

அந்தி

நம் அட்சத்தில் அந்தி சீக்கிரம் முடியும். சூரியன் மறைந்து 45 முதல் 49 நிமிஷத்தில் 12 டிகிரி கீழே போய்விடும். 70 முதல் 76 நிமிஷத்தில் 18 டிகிரி. முதல் முக்கால் மணி நேரம் மேற்கு வானத்து மிச்ச வெளிச்சம் காகிளைக் குருடாக்கும், வெறும் கண்ணுக்கோ தரை போதாது. இரண்டும் கெட்ட நேரம். கார்த்திகையில் ஆறு மணி, ஆனி, ஆடியில் 6.40 என்று மறைவு மாறுவதால் கிளம்பும் நேரத்தையும் மாதத்துக்கு மாதம் மாற்ற வேண்டும். மேற்கே போகிறவர்கள் ஒன்றேகால் மணி நேரம் காத்திருக்கலாம்.

மேகமும் பனியும்

மெல்லிய உயர்மேகம் பெரிதாக ஒன்றும் செய்யாது. வானம் மூடிய தாழ்மேகம் நிலா வெளிச்சத்தைப் பத்தில் ஒன்றுக்கோ அதற்கும் கீழோ தள்ளிவிடும். 2023 டிசம்பர் 17 மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்பிறைப் பஞ்சமி, நிலாவில் ஏறக்குறைய கால் பங்கு. தாளில் பார்த்தால் கோட்டைத் தொட்ட இரவு. தாமிரபரணி வெள்ளம் வந்த இரவும் அதுதான், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. மேகம் நிலாவைத் தின்றுவிடும், மின்சாரம் போனால் ஊர் வெளிச்சமும் போகும், தரை எல்லாம் தண்ணீராகி இருக்கிற துளியையும் விழுங்கும். வெள்ள நிவாரணத்துக்குத் திட்டமிடும்போது திதியைப் பார்க்கவே வேண்டாம். மிகக் குறை வெளிச்சம் என்றே தொடங்குங்கள்.

மார்கழி, தை விடியலில் ஆற்றோரத்திலும் வயல் மேலும் பனி படுக்கும். காகிள் அகச்சிவப்புப் பக்கம் பார்ப்பதால் மெல்லிய பனியை ஊடுருவிக் காட்டும், அதுதான் சிக்கல். கண் தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்காமல் உள்ளே கூட்டிப் போய்விடும். விளக்குகளைச் சுற்றிய வட்டம் பெரிதாவது, அடிவானத்து நட்சத்திரம் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது, பொறி கூடுவது, இவை வந்தால் காகிளுக்குக் கீழே வெறும் கண்ணால் ஒரு முறை பாருங்கள். ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் கிளம்பும்போதும் இதே கதை.

ஊர் வெளிச்சம் உதவும், கெடுக்கவும் செய்யும்

மேகம் மூடிய இரவில் நெல்லை, பாளையங்கோட்டை மேல் மேகம் ஊர் விளக்கைத் திருப்பி அடிக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றுக்கு அது நிலாவுக்குப் பதில் வேலை செய்யும். கடைகளில் கிடைக்கும் சாதாரண லக்ஸ் மீட்டர் 0.1 லக்ஸுக்குக் கீழே ஒன்றும் காட்டாது, அதைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். வானத்தின் ஒளியை அளக்கும் ஸ்கை குவாலிட்டி மீட்டர் பயன்படும். அதில் 22 வந்தால் தரையில் அரை மில்லிலக்ஸ், 20 வந்தால் மூன்றரை, 18 வந்தால் இருபது பக்கம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: மீட்டர் அளப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளி. வெள்ளை எல்இடி தெருவிளக்கில் அகச்சிவப்பு மிகக் குறைவு, அதனால் மீட்டர் நன்றாகக் காட்டும், காகிளில் அவ்வளவு இருக்காது. ஹாலஜன் விளக்கு நேர் எதிர்.

கெடுக்கிற விதத்துக்கு ஆடி அமாவாசையை விட நல்ல உதாரணம் இல்லை. பாபநாசம் மலையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சுற்றிக் காட்டுக்குள் ஜனம் குடில் போட்டுத் தங்கும். வருஷத்தின் மிக இருண்ட இரவுகளில் ஒன்று, இருண்ட பள்ளத்தாக்கு, நடுவில் ஹாலஜன், அடுப்புத் தீ, வண்டி முகப்பு விளக்கு. விளக்குக் கூட்டம் பார்வைக்குள் வந்ததும் காகிள் பெருக்கத்தைக் குறைக்கும். சுற்றியுள்ள மலைச்சரிவு அப்படியே மறையும். காகிளின் பார்வை வட்டம் 40 டிகிரிதான். விளக்கை அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளி, தலையைத் திருப்பிச் சரிவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தரை என்ன திருப்பித் தருகிறது

விழும் வெளிச்சம் ஒன்றே ஆனாலும் கண்ணுக்கு வருவது தரையைப் பொறுத்தது. பச்சை இலை அகச்சிவப்பை அள்ளி வீசும், தண்ணீர் விழுங்கும். இந்த இரண்டும் தெரிந்தால் நம் சீமையில் பாதி விளங்கிவிடும்.

தாமிரபரணிப் பாசனத்து வாழையும் வளர்ந்த நெல்லும் காகிளில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், நடுவே குளமும் கால்வாயும் கறுப்பாகப் பிரியும். இதைவிட வசதியான தரை கிடையாது. ஆனால் பருவம் பார்க்க வேண்டும். பிசான நடவு நடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் கண்ணாடித் தண்ணீர். எது குளம், எது வயல் என்று தெரியாது, காற்று இல்லாவிட்டால் நட்சத்திரம் அதில் விழுந்து மேல் எது கீழ் எது என்ற குழப்பமும் வரும். தை மாதத்தில் அதே வயல் பளிச்சென்று ஆகிவிடும். அறுவடை முடிந்த தாளடியில் மீண்டும் மங்கும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், கயத்தாறு கரிசலில் இதற்கு நேர்மாறு. உழுது போட்ட கரிசல் வெளிச்சத்தைத் தின்னும். 5 மில்லிலக்ஸ் இரவானாலும் அங்கே 2 போலத்தான் தோன்றும். அதன் நடுவே ஒற்றையாக நிற்கும் பொத்தைகளைத்தான் பயப்பட வேண்டும்: சின்னக் குன்று, மண்ணோடு மண்ணாக ஒரே நிறம், பின்னால் விளக்கு ஏதும் இல்லாவிட்டால் அருகே போகும் வரை தெரியாது. பாதைத் தாளில் பொத்தைகளின் உயரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். குதிரைமொழி, திசையன்விளைத் தேரியும் கடற்கரை மணலும் நன்றாகத் திருப்பித் தரும். ஆனால் வெறும் மணலில் பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லாததால் உயரம் ஏமாற்றும். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு அம்பாரம் வெள்ளை, பாத்தித் தண்ணீர் கறுப்பு, கோடு போட்டாற்போல் தெரியும்.

எந்த வெளிச்சமும் காட்டாதவை

மின்கம்பி காகிளில் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தைத் தேடுங்கள், இரண்டு கோபுரம் கண்டால் நடுவே கம்பி உண்டு. பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம், கயத்தாறு காற்றாலைகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பறத்தலுக்கான காகிள்களில் பி வகை வடிகட்டி 665 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். சிவப்பு எல்இடி எச்சரிக்கை விளக்கு ஒளிர்வது 620, 630 பக்கம். வெறும் கண்ணுக்குச் செக்கச்செவேல் என்று மின்னும் விளக்கு காகிளில் இல்லவே இல்லை. காற்றாலைப் பகுதியில் ஒருவராவது காகிளுக்குக் கீழே, பக்கவாட்டில், வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விஜயநாராயணத்துக் கடற்படை வானொலிக் கோபுரங்களையும் அவற்றை இழுத்துக் கட்டிய கம்பிகளையும் வெளிச்சக் கணக்கை நம்பி நெருங்கவே கூடாது, தூரத்தில் சுற்றிப் போவதுதான் வழி.

கிளம்பும் முன் தரையில், பிறகு மேலே

காகிளை முதலில் சோதனைப் பெட்டியில் வைத்து ஃபோகஸ் சரிபாருங்கள், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. ஹாஃப்மன் ஏஎன்வி-20/20 இருந்தால் வேலை சுலபம். ஃபோகஸ் கால் திருகு விலகினாலே நல்ல இரவு மோசமான இரவாகத் தோன்றும், பழி நிலா மேல் விழும். பிறகு கண்ணை இருட்டுக்கு அரை மணி நேரம் பழக்குங்கள். நடுவில் கைபேசித் திரையைப் பார்த்தால் மறுபடி ஆரம்பத்தில் இருந்து.

தளத்தின் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே காகிள் வழியாகத் தெரிந்த தூரத்தில் உள்ள ஒன்றைப் பாருங்கள்: நீர்த்தேக்கத் தொட்டி, பனை வரிசை, கோயில் கோபுரம். விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, பனை மட்டை பிரிகிறதா? பொறி பறப்பது தெரிந்தால் வெளிச்சம் கோட்டுக்குக் கீழே. தாளில் 5 என்று இருந்தாலும் கண் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே போன பிறகு பொறி கூடிக்கொண்டே வந்தால், வேகத்தைக் குறைத்து, அந்தப் பகுதியின் பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த பக்கம் திரும்புங்கள். மலையடியில் அது எப்போதும் கிழக்கு.

இறங்கியதும் ஐந்து விஷயம் எழுதி வையுங்கள்: நேரம், திதி, நிலா எத்தனை முஷ்டி, மேகம், வான மீட்டர் எண். கூடவே, கிழக்கே இருந்து வரும்போது வல்லநாட்டு மலை எத்தனை கிலோமீட்டரில் கண்ணில் பட்டது என்பதையும். பத்து இரவு எழுதிச் சேர்ந்தால், பஞ்சாங்கத்தைப் புரட்டும்போதே அன்றைக்கு அந்த மலை எங்கே வந்து தெரியும் என்று சொல்லிவிடலாம்.